அழகப்பனுக்கு இலாகா தேர்ந்தெடுத்த கொட்டகை

கொட்டகை வேண்டும் என்று அழகப்பன் ஒருநாளும் ஆசைப்பட்டவன் இல்லை. முதலில் ஆசைப்பட்டது அவன் வேலை பார்த்த அரசாங்க இலாகாதான். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கம் இருந்த கூலி லயன் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் தோட்டம் போட்டால் குடியும் சீட்டாட்டமும் குறையும் என்று மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம். தோட்டம் என்றால் மண்வெட்டி வேண்டும், மண்வெட்டி என்றால் அதை வைக்க இடம் வேண்டும். ஆகவே மனுப் போடுகிறவர்களுக்கு இலாகா தன் செலவிலேயே ஒரு தோட்டக் கொட்டகை கொடுக்கும். யாருக்கு எந்தக் கொட்டகை பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட குழுவும் போட்டாகிவிட்டது.

லயனில் நாற்பது குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை. வாசலில் இறங்கினால் சிமெண்டு, சிமெண்டைத் தாண்டினால் லோங்காங் என்று எல்லாரும் சொல்கிற பெரிய சாக்கடை. ஒரு வெண்டைச் செடி நட்டு வைக்க எவனுக்கும் ஒரு சாண் மண் கிடையாது. சுற்றறிக்கையை ஒருத்தன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழகப்பன் மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னான்.

அழகப்பன் இலாகாவின் பெரிய பூந்தோட்டத்தில் புல் வெட்டுகிறவன். அவன் மனைவி ரத்தினம்மாவுக்கு ஆறு மாதமாக இருமல். சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, சயரோகம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் இரண்டு வழி காட்டினார். வார்டில் சேர்ந்தால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. வீட்டிலிருந்தே தினம் வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றால், பிள்ளை படுக்கிற அறையில் அவள் படுக்கக்கூடாது. தனியிடம் வேண்டும், காற்று வேண்டும். அவர்கள் மகள் கண்மணிக்கு அப்போது நாலரை வயது. தனியிடத்துக்கு எங்கே போவது? இருப்பதே ஓர் அறை.

ஆனால் அவர்களுடையது லயனின் கடைசி அறை. கட்டடத்தை நேராகக் கட்டியவர்கள் லோங்காங்கைக் கோணலாக வெட்டிவிட்டார்கள். அதனால் பின்சுவருக்கும் லோங்காங்குக்கும் நடுவில் துண்டாக ஒரு மண் தரை கிடந்தது. பதினாலடி நீளம். ஒரு முனையில் ஐந்தடி அகலம், மறுமுனையில் மூன்றடிக்கும் குறைவு. வெட்டி எறிந்த சட்டைத் துணி மாதிரி ஒரு வடிவம். அறையின் ஒரே சன்னல் அந்த இடத்தைப் பார்த்துத்தான் திறக்கும்.

ரத்தினம்மா அந்தச் சன்னலைத்தான் காட்டினாள். "இதுக்கு நேரா ஒரு கூரை இருந்தாப் போதுங்க. புள்ள தூங்குறது தெரியும். கூப்பிட்டா நான் பதில் சொல்லுவேன். தொட வேணாம், தூக்க வேணாம். பார்த்துக்கிட்டுக் கிடந்தாப் போதும்" என்றாள்.

நாலு கம்பும் ரெண்டு தகரமும் போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் ஒருத்தர் கோழி அடைக்கத் தகரம் வைத்தார். இலாகா ஆள் அனுப்பிப் பிரித்துப் போட்டது. குவார்ட்டர்ஸில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அனுமதியோடு வரக்கூடிய ஒரே கூரை இந்தத் தோட்டக் கொட்டகைதான். ஆக, உயிர் போகிற சமாசாரத்துக்கு அழகப்பன் மண்வெட்டி வைக்கிற கொட்டகையைக் கேட்கப் போனான்.

இலாகாவின் கிளார்க் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். விதி அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்ததால், எந்த விதிக்கு எங்கே கண் மூடும் என்பதும் அவருக்குத் தெரியும். அழகப்பன் சொன்னதைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மனிசி எண்டு மட்டும் எழுதிப் போடாதையும். ஆக்கள் படுக்கிறதெண்டால் அது வீடு. வீட்டுக்கு வேற இலாகா, அங்க உமக்கு முன்னால ஆயிரம் பேர் நிக்கினம். சாமான் எண்டு எழுதுவம்" என்றார்.

மனுவில் பதினெட்டுக் கேள்வி. வைக்கப்போகும் சாமானின் நீளம் என்ன? அழகப்பன் யோசித்து, ஐந்தடி ஓரங்குலம் இருக்கும் என்றான். எத்தனை? ஒன்று. மழை படலாமா? படவே கூடாது. காற்றோட்டம் தேவையா? ரொம்பத் தேவை. ஐந்தடி ஓரங்குலத்தில் ஒரு தோட்டக்காரனிடம் என்னதான் இருக்கும் என்று ஜெயரத்தினம் கொஞ்ச நேரம் மண்டையைச் சொறிந்தார். கடைசியில், புல் வெட்டும் நீளக் கத்தி, காம்புடன், என்று எழுதினார். அழகப்பன் கையெழுத்துப் போட்டான்.

பெண்டாட்டியைக் கத்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று வழியெல்லாம் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ரத்தினம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். கட்டிக்கிட்ட நாளா நீங்க அப்படித்தான சொல்றீங்க என்றாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் ரவூப் வந்தார். டேப், கணக்குப் புத்தகம், காதில் பென்சில். இடத்தைப் பார்த்தார். எல்லாம் சரி, தோட்டம் எங்கே என்றார். தோட்டம் இல்லாதவனுக்குத் தோட்டக் கொட்டகை கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அழகப்பன் பூந்தோட்டத்து மண்வெட்டியை இரவல் வாங்கி வந்து, அந்தத் துண்டு நிலம் முழுவதும் கொத்திக் கீரையும் வெண்டையும் போட்டான். ஊருக்கெல்லாம் புல் வெட்டுகிற கை, சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

ரவூப் மறுபடி வந்தார். கீரையைத் தடவிக் கொடுத்தார். தோட்டம் அருமை, ஆனால் கொட்டகைக்கு இடம் எங்கே என்றார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அழகப்பன் கீரையைப் பிடுங்கி லயனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வெண்டையை மட்டும் மண்ணெண்ணெய் டின்களில் பெயர்த்து லோங்காங் ஓரமாக வரிசையாக வைத்தான். மூன்றாம் தடவை வந்த ரவூப், டின் நகரக்கூடியது, நகரக்கூடியது தோட்டமாகாது என்று எழுதப் போனார். அப்போது ரத்தினம்மா சன்னலுக்குள்ளிருந்து இருமினாள். ரவூப்புக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அவர் பென்சிலை எடுத்து, "டின்கள் கனமானவை" என்று எழுதிவிட்டுப் போனார். இந்தக் கதையில் இலாகா செய்த ஒரே தர்மம் அதுதான்.

இத்தனை நாளும் கண்மணி அடுத்த அறையில், சாயிரா பானு வீட்டில் படுத்தாள். அந்த அறையில் ஏற்கெனவே ஏழு பேர். சாயிரா பானு முகம் சுளிக்கவில்லை. பிள்ளைதான் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தது.

குழு கூடியது. சீமையில் அச்சடித்த புத்தகம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதில் நாலு வகைக் கொட்டகை, வண்ணப் படத்தோடு. ஏ வகை பத்தடிக்கு எட்டடி. பி எட்டுக்கு ஆறு. சி ஆறுக்கு நாலு. டி வகையின் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. விதிப்படி சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவில் பெருக்குகிறவர் நுழைய இரண்டடி விட வேண்டும். ரவூப் அளந்து கொடுத்த ஐந்தடியில் இரண்டடி போனால் சி வகைகூட நுழையாது. ஆனால் குழு ரவூப்பின் அளவைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தது. லோங்காங்கை அகலப்படுத்துவதற்கு முன்னால் போட்ட வரைபடம் அது. அதில் அந்த இடம் ஒன்பதடி. ஒன்பதில் இரண்டு போக ஏழு. பி வகை தாராளமாக நிற்கும். ஏகமனதாகத் தீர்மானம்.

அக்டோபரில் தஞ்சோங் பகார் கிடங்கிலிருந்து லாரி வந்தது. லயனே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ரத்தினம்மா பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாலு ஆட்கள் பலகைச் சுவரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு மலாயில் திட்டினான். கொட்டகை திரும்பிப் போயிற்று. லாரியோடு சிறுபிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்பதடி இருந்த அரசாங்க நிலத்தை ஐந்தடியாகக் குறுக்கியது ஏன் என்று அழகப்பன் பதினாலு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. நான் நிலத்தைக் குறுக்கவில்லை, என்னிடம் அதற்கான கருவியும் இல்லை என்று ஜெயரத்தினம் அவனுக்காக எழுதிக் கொடுத்தார்.

அழகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து, சன்னல் கம்பியிலும் லோங்காங் ஓரத்துக் கம்பிலும் இழுத்துக் கட்டினான். கீழே பலகை, பலகைமேல் பாய். ரத்தினம்மா வெளியே போனாள், கண்மணி வீட்டுக்குள் வந்தாள். ஆத்தாளும் மகளும் சன்னல் வழியாகப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே இருந்து பிள்ளை விடுகதை போடும், வெளியே இருந்து இவள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள். சோறுகூட இரண்டு பேரும் சன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பத்தொன்பது நாள் அப்படி நடந்தது. அழகப்பனின் வாழ்நாளில் அவன் வீடு வீடாக இருந்தது அந்தப் பத்தொன்பது நாள்தான்.

இருபதாம் நாள் ஆட்கள் வந்து தார்ப்பாயை அவிழ்த்தார்கள். காரணத்தைத் தாளில் கொடுத்தார்கள்: இந்த இடம் இலாகாவின் தோட்டக் கொட்டகைக்காக ஒதுக்கப்பட்டிருப்பதால், அக்கொட்டகை வரும்வரை இங்கே வேறெந்தக் கூரையும் இருக்கக்கூடாது. கொட்டகை வேண்டும் என்று கேட்டிராவிட்டால் தார்ப்பாயாவது தப்பியிருக்கும். அது நவம்பர் மாதம், விடாமல் மழை. பிள்ளையை மறுபடி அடுத்த அறைக்கு அனுப்ப மனமில்லாமல், ரத்தினம்மா இரண்டு நாள் வாசல் சிமெண்டில் சாரலில் படுத்தாள். மூன்றாம் நாள் வாயில் ரத்தம் வந்தது. வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கொட்டகை வந்ததும் ஆத்தா வந்துடும் என்று கண்மணியிடம் சொல்லி வைத்தான். வேறு என்ன சொல்வான்?

ஞாயிறுதோறும் வார்டுக்குப் போனான். ரத்தினம்மா பிள்ளையைப் பற்றிக் கேட்பாள், அடுத்ததாகக் கொட்டகையைப் பற்றிக் கேட்பாள். முதலில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவன், போகப்போகப் பொய் சொல்ல ஆரம்பித்தான். கூரை போட்டாச்சு என்றான். கதவு வச்சாச்சு என்றான். பெயிண்ட் காயணும், வாடை உனக்கு ஆகாது, அதான் பார்க்கிறேன் என்றான். சன்னலுக்கு நேராத்தானே இருக்கு என்று அவள் கேட்டாள். நேராத்தான் இருக்கு என்றான்.

நடுவில் ஆட்சி மாறிற்று. குழுவுக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். அவர் நாற்காலியில் ஜேசுதாசன் என்கிற நம்மவர் உட்கார்ந்தார். நாற்காலி பழசுதான். நம்ம ஆள், தமிழ் பேசுகிறவர், இனிப் பிரச்சினையில்லை என்று லயனில் பேசிக்கொண்டார்கள். ஜேசுதாசன் நன்றாகவே தமிழ் பேசினார். வந்ததும் முதல் காரியமாக, பயனாளியையே நேரில் அழைத்துக் கருத்துக் கேட்பது என்று புது வழக்கம் கொண்டுவந்தார். ஐம்பத்தொன்பது ஜூலையில் அழகப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றான். ஓரமாக ஜெயரத்தினம் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

குழு அவனை மரியாதையாக நடத்தியது. காப்பிகூடக் கொடுத்தார்கள். பிறகு ஓர் உறுப்பினர் கேட்டார், அந்தக் கத்தியைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று.

"படுக்கத்தான் வைக்கணுங்கய்யா."

"ஏன், நிறுத்தி வைத்தால் என்ன?"

"நிக்கத் தெம்பில்லைங்கய்யா."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காம்பு உளுத்துவிட்டது போலிருக்கிறது, புதுக் காம்பு வழங்கலாமே என்று ஒருவர் பரிந்துரைத்தார். அழகப்பனுக்கு வார்டுக் கட்டில் கண்முன் வந்தது. அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"அது கத்தி இல்லைங்கய்யா. என் பொண்டாட்டி. சயரோகம். புள்ளையப் பார்த்துக்கிட்டுப் படுக்க ஒரு எடம் கேட்குது. கெடையாக் கெடக்குதுய்யா."

ஜெயரத்தினத்தின் பேனா நின்றுவிட்டது. ஜேசுதாசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அழகப்பன், நீங்கள் இப்போது சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால், பொய்யான தகவல் தந்ததற்காக உங்கள் மனுவை நிராகரித்து, குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் நன்மைக்காகவே விழவில்லை. இந்தக் குழு மனிதாபிமானமுள்ள குழு. கிளார்க், பயனாளி நன்றி தெரிவித்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

ஜெயரத்தினம் எழுதினார்.

கத்தியை நிறுத்தி வைக்கத் தொழில்நுட்ப ரீதியில் தடையேதுமில்லை என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. நிறுத்தி வைப்பதென்றால் அகலம் தேவையில்லை. அப்போதுதான் புத்தகத்தில் டி வகைப் பக்கத்தைப் புரட்டினார்கள். இரண்டரை அடிக்கு இரண்டடி, உயரம் ஏழடி. சீமையில் துடைப்பம் வைக்கிற பெட்டி. எட்டடிக்கு ஆறடியில் ஆரம்பித்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி அங்கே வந்து நின்றது. குறுகலான இடத்துக்குக் கொட்டகை தேர்ந்தெடுப்பதில் இதுவரை யாரும் காணாத வெற்றி என்று குழு தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தினம்மா செத்துப்போனாள். அழகப்பன் அப்போது பூந்தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். சேதி அவனுக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. வார்டிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். லயனுக்குக் கொண்டுவரக்கூடாது என்றார்கள், தொற்று நோயாம். கண்மணியை அன்றைக்கு முழுவதும் சாயிரா பானு தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு எப்படியாவது சொல்லிடுங்க அண்ணே என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனும் நாளைக் கடத்தினான். வாய் வரவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் போய்க் கேட்டான். தீர்மானம் ஆன மனுவைத் திரும்ப வாங்க விதி இல்லை என்று ஜெயரத்தினம் சொன்னார். சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நவம்பரில் கொட்டகை வந்தது. முதல் தோட்டக் கொட்டகை என்பதால் ஜேசுதாசனே நேரில் வந்தார். லோங்காங் ஓரமாக ஏழடி உயரத்துக்கு அது விறைப்பாக நின்றது. அதன் கதவில் ரிப்பன். கூட்டம் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்.

"அன்பர்களே," என்று தொடங்கினார் ஜேசுதாசன். "ஓர் எளிய தொழிலாளியின் ஒரே ஒரு கத்திக்காக இந்த இலாகா பதினேழு மாதம் சிந்தித்திருக்கிறது. பதினோரு கூட்டம் நடத்தியிருக்கிறோம். ஒரு முறை தவறான கொட்டகையைக்கூட அனுப்பி, அதிலிருந்து பாடம் கற்றிருக்கிறோம். அவசரப்பட்டிருந்தால் முதல் வாரமே ஏதாவது ஒரு கூரையைப் போட்டுக் கொடுத்திருப்போம். நாங்கள் அவசரப்படவில்லை. மக்களின் தேவை வரும், போகும். முறை என்றைக்கும் நிலைத்திருக்க வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ரிப்பனை வெட்டி, சாவியை அழகப்பன் கையில் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டார்கள். கதவின் உட்பக்கம் ஒரு தகரப் பலகை: இதற்குள் மனிதர்கள் தங்கக்கூடாது. கார் போயிற்று, கூட்டம் கலைந்தது.

அழகப்பன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கண்மணி வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பாயைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆறு வயது நெருங்குகிறது. பாயைக் கொட்டகைக்குள் விரிக்கப் பார்த்தாள். நீளவாக்கில் போட்டாள், குறுக்கே போட்டாள், மடித்துப் போட்டாள். பாய் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதே தவிர, விரியவில்லை.

"அப்பா, ஆத்தா இதுல எப்படிப்பா படுக்கும்?"

அவன் அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டான். மூன்று மாதமாக வராத வாய் அப்போதுதான் வந்தது. "ஆத்தா வராதும்மா. ஆத்தா ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போச்சு" என்றான்.

கண்மணி அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி, திறந்து கிடந்த கொட்டகையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"பின்ன இது யாருக்குப்பா?"

அழகப்பன் யோசித்துப் பார்த்தான். பிள்ளையிடம் இனிப் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தான்.

"இலாகாவுக்கும்மா" என்றான்.